விழுந்தவருக்குப் பத்து விநாடி

குத்துச்சண்டை மேடையில் விழுந்தவர் எழுந்து நிற்கப் பத்து விநாடி உண்டு. இந்த விதி எல்லாருக்கும் தெரியும். அந்தப் பத்தை எண்ணுகிறவர் மேடைமேல் நிற்கும் நடுவர் என்பதும், அவர் எண்ணிக்கையும் கடிகாரமும் பல நேரங்களில் ஒத்துப்போவதில்லை என்பதும் அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. எண்ணிக்கை எந்தக் கணத்தில் தொடங்கியது, எவ்வளவு வேகமாகப் போனது, விழுந்தவர் குத்து வாங்கி விழுந்தாரா கால் வழுக்கி விழுந்தாரா என்ற கேள்விகளின் மேல் உலகப் பட்டங்கள் நின்றிருக்கின்றன. இந்த விளையாட்டின் சட்டப் புத்தகத்தைப் புரட்டினால், பழைய தகராறுகளின் தடம் பல விதிகளில் தெரியும்.

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் கையுறை இல்லாமல்தான் சண்டை நடந்தது. ரவுண்டுக்கு நேர அளவு கிடையாது. ஒருவர் எழ முடியாமல் போகும்வரை அடித்துக்கொண்டார்கள். அக்காலத்துப் பெரிய வீரரும் சண்டை அரங்கின் உரிமையாளருமான ஜாக் ப்ராட்டன் 1743 ஆகஸ்ட் 16-இல் எழுத்து வடிவில் விதிகளை வெளியிட்டார். அவரோடு மோதிய ஜார்ஜ் ஸ்டீவன்சன் அடிபட்டு இறந்த துயரமே இதற்குத் தூண்டுதல் என்று சொல்லப்படுவதுண்டு. மேடை நடுவில் ஒரு கெஜச் சதுரத்தைச் சுண்ணக்கட்டியால் வரைய வேண்டும்; விழுந்தவரை அவருடைய உதவியாளர் அரை நிமிடத்துக்குள் அந்தச் சதுரத்தின் ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்; முடியாவிட்டால் தோல்வி. விழுந்தவரை அடிக்கக் கூடாது என்பதும் அங்கேதான் எழுத்தில் வந்தது.

ப்ராட்டன் விதிகளில் தீர்ப்புக்கும் ஒரு வழி இருந்தது. இரு வீரர்களும் கூடியிருக்கும் கனவான்களிலிருந்து இரண்டு நடுவர்களைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அந்த இருவருக்கும் ஒத்துவராவிட்டால், அவர்களே மூன்றாம் ஆள் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் சொல்வதே முடிவு. ஊர்ப் பஞ்சாயத்தில் இரு தரப்புக்கும் ஆள் இருந்தும் கடைசியில் பொதுவான ஒருவர் வாயைப் பார்ப்பது போன்ற ஏற்பாடு. அந்த மூன்றாம் ஆளின் இடத்தில்தான் இன்றைய நடுவர் நிற்கிறார். அன்று அவர் மேடைக்கு வெளியே இருந்தார். தகராறு வந்தால் மட்டுமே அவருக்கு வேலை.

1838-இல் வந்த லண்டன் பரிசு மேடை விதிகள் நேரத்தைக் கொஞ்சம் கூட்டின. விழுந்தவருக்கு முப்பது விநாடி ஓய்வு, பிறகு யார் துணையும் இல்லாமல் நடுக்கோட்டுக்கு நடந்து வர எட்டு விநாடி. ஒருவர் விழுவதோடு ரவுண்டு முடிந்துவிடும் என்பதால், களைத்துப்போனவர் மெல்லத் தொட்டதற்கே சுருண்டு விழுந்து அரை நிமிட ஓய்வைச் சம்பாதித்துக்கொள்ளும் தந்திரம் இருந்தது. அடிபடாமல் விழுவது குற்றம் என்று விதி சொல்லியது. அடிபட்டதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் நடுவர். விழுந்தது நிஜமா என்ற வழக்கு அப்போதே தொடங்கிவிட்டது.

இன்றைய பத்து விநாடி 1867-இல் வந்தது. விதிகளை எழுதியவர் ஜான் கிரகாம் சேம்பர்ஸ்; ஆதரவுப் பெயர் கொடுத்தவர் குவீன்ஸ்பெரி பிரபு. அதனால் எழுதியவர் மறக்கப்பட்டு, பிரபுவின் பெயர் நின்றுவிட்டது. கையுறை, மூன்று நிமிட ரவுண்டு, ஒரு நிமிட இடைவேளை எல்லாம் இந்த விதிகளில் உள்ளவை. விழுந்தவர் உதவியின்றித் தானே எழ வேண்டும், பத்து விநாடி அவகாசம், அதுவரை மற்றவர் தம் மூலைக்குப் போய்விட வேண்டும் என்று அந்த வாசகம் சொல்கிறது. முப்பத்தெட்டு விநாடி பத்தாகச் சுருங்கியதும் ஆட்டத்தின் தன்மையே மாறிவிட்டது. முன்பு சண்டையை முடிக்க ஆளையே அழிக்க வேண்டியிருந்தது. இப்போது ஒரே குத்தில் பத்து விநாடி மயக்கினால் போதும். நாக் அவுட் என்ற முடிவின் கவர்ச்சி இந்தச் சுருக்கத்திலிருந்து பிறந்தது.

மற்றவர் மூலைக்குப் போக வேண்டும் என்ற பகுதியை அமெரிக்க மேடைகள் வெகுகாலம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1919 ஜூலை 4-இல் ஒஹையோ மாநிலத்து டொலிடோவில் ஜாக் டெம்ப்ஸி, உலகச் சாம்பியன் ஜெஸ் வில்லார்டை முதல் ரவுண்டிலேயே ஏழு முறை வீழ்த்தினார். ஒவ்வொரு முறையும் டெம்ப்ஸி பக்கத்திலேயே நின்றார். வில்லார்டின் முழங்கால் தரையை விட்டு எழும்பியதும் அடுத்த குத்து விழுந்தது. கடைசி எண்ணிக்கை நடுவில் மணி அடித்ததைக் கூச்சலில் யாரும் கேட்கவில்லை. வென்றுவிட்டதாக நினைத்து மேடையை விட்டு இறங்கிப்போன டெம்ப்ஸியைத் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1923 செப்டம்பர் 14-இல் நியூயார்க்கில் அர்ஜென்டினாவின் லூயிஸ் ஆங்கல் ஃபிர்போவோடு அவர் மோதிய சண்டை இன்னும் மோசம். முதல் ரவுண்டில் ஃபிர்போ ஏழு முறை விழுந்தார். பிறகு அவர் விட்ட குத்தில் டெம்ப்ஸி கயிறுகளுக்கு ஊடே மேடைக்கு வெளியே பத்திரிகையாளர்கள் மேல் போய் விழுந்தார். அவர்கள் கைகொடுத்துத் தள்ளிவிட, மீண்டும் மேடையேறி, இரண்டாம் ரவுண்டில் ஃபிர்போவை முடித்தார். உதவியின்றி எழ வேண்டும் என்ற விதியை எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால் அன்று பட்டம் கைமாறியிருக்க வேண்டும். அர்ஜென்டினாவில் இன்றும் அப்படித்தான் பேசுகிறார்கள்; செப்டம்பர் 14 அங்கே குத்துச்சண்டை வீரர் தினம்.

இத்தகைய காட்சிகளுக்குப் பின்தான் பொது மூலை விதி இறுகியது. எதிராளியை வீழ்த்தியவர், தம் மூலையும் எதிராளியின் மூலையும் அல்லாத பொது மூலைக்குப் போக வேண்டும். அவர் போகும்வரை நடுவர் எண்ணக் கூடாது. இந்த விதியின் முதல் பெரும் பலி, அதைக் கொண்டுவரக் காரணமாயிருந்த டெம்ப்ஸியே.

1927 செப்டம்பர் 22, சிகாகோ சோல்ஜர் ஃபீல்டு அரங்கம். முந்தைய ஆண்டு பிலடெல்பியாவில் ஜீன் டன்னியிடம் பட்டத்தை இழந்திருந்த டெம்ப்ஸி அதைத் திரும்பப் பெற வந்திருந்தார். கூட்டம் ஒரு லட்சத்தைத் தாண்டியது. வசூல் 26 லட்சம் டாலருக்கும் மேல். ஆறு ரவுண்டு வரை டன்னி எளிதாகப் புள்ளி சேர்த்துக்கொண்டு போனார். ஏழாம் ரவுண்டில் டெம்ப்ஸியின் தொடர் குத்துகளில் டன்னி கயிற்றோரம் சரிந்து உட்கார்ந்தார். அவர் வாழ்க்கையில் அதற்கு முன் எந்தச் சண்டையிலும் விழுந்ததில்லை. நடுவர் டேவ் பாரி பொது மூலையைக் கைகாட்டினார். டெம்ப்ஸி நகரவில்லை, பழைய வழக்கப்படி விழுந்தவரின் தலைமாட்டிலேயே நின்றார். மேடைக்குக் கீழே நேரக் கண்காணிப்பாளர் பால் பீலர் எண்ணத் தொடங்கிவிட்டார். பாரி டெம்ப்ஸியைப் பிடித்துத் தள்ளி, அவர் மூலைக்குப் போன பிறகு திரும்பி வந்து, பீலர் எட்டியிருந்த எண்ணை விட்டுவிட்டு ‘ஒன்று’ என்று புதிதாகத் தொடங்கினார். டன்னி ஒன்பதில் எழுந்தார். அவர் தரையில் இருந்த நேரம் பதின்மூன்று, பதினான்கு விநாடி.

எழுந்த டன்னி பின்வாங்கிச் சுற்றிச் சுற்றி ஓடி அந்த ரவுண்டைக் கடந்தார். எட்டாம் ரவுண்டில் டெம்ப்ஸியையே ஒருமுறை கீழே தள்ளினார். அப்போது பாரி, டன்னி பொது மூலைக்குப் போகக் காத்திராமல் உடனே எண்ணத் தொடங்கினார். டெம்ப்ஸி சட்டென்று எழுந்துவிட்டதால் முடிவுக்கு அது பாதகம் இல்லை. ஆனால் ஏழாம் ரவுண்டில் விதியைக் கறாராகப் பிடித்த நடுவர் எட்டில் ஏன் தளர்த்தினார் என்ற கேள்விக்கு இதுவரை நல்ல பதில் இல்லை. பத்து ரவுண்டு முடிவில் டன்னிக்கே வெற்றி. ஒன்பதுக்கு முன்பே எழுந்திருக்க முடியும், விதி கொடுத்த அவகாசத்தைப் பயன்படுத்திக்கொண்டதாக அவர் பிறகு சொல்லி வந்தார். அதைப் பொய் என்று நிரூபிக்க வழியில்லை. மெய் என்று நிரூபிக்கவும் இல்லை. ஏழாம் ரவுண்டைப் பொறுத்தவரை விதி பாரி பக்கம்தான். ‘நீண்ட எண்ணிக்கை’ என்ற பெயரில் அந்த இரவு நிலைத்துவிட்டது. டெம்ப்ஸி அதன்பிறகு பட்டத்துக்காக மோதவே இல்லை.

இந்தச் சண்டை ஒரு அடிப்படையைத் தெளிவாக்கியது. விழுந்து கிடப்பவருக்குக் கடிகாரம் தெரியாது. அவர் காதில் விழுவது நடுவரின் குரல், கண்ணில் படுவது அவர் விரல்கள். ‘எட்டு’ என்று கேட்டால் இன்னும் இரண்டு இருக்கிறது என்று நம்பி மூச்சு வாங்கிக்கொள்கிறார். ஆகவே நடுவர் தாமதமாக எண்ணினால் அதற்கு வீரரைப் பொறுப்பாக்க முடியாது. நேரக் கண்காணிப்பாளரிடமிருந்து எண்ணை வாங்கி நடுவர் தொடர வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. நடுவரின் எண்ணே செல்லும் என்பதும் நடைமுறையாக நிலைத்தது.

அந்த எண்ணை நடுவர் எடுக்கவே இல்லை என்றால்? 1965 மே 25-இல் மெய்ன் மாநிலத்தின் லூயிஸ்டன் என்ற சிறிய ஊரில் அது நடந்தது. முகம்மது அலி முதல் ரவுண்டிலேயே சன்னி லிஸ்டனை வீழ்த்திவிட்டு, மூலைக்குப் போகாமல் அவர் மேல் குனிந்து கத்திக்கொண்டிருந்தார். நடுவர் ஜெர்ஸி ஜோ வால்காட், தாமே முன்னாள் உலகச் சாம்பியன். அலியை விலக்குவதில் மும்முரமாகி எண்ணிக்கையைக் கோட்டைவிட்டார். லிஸ்டன் எழுந்தார், இருவரும் மறுபடி மோதவும் தொடங்கிவிட்டார்கள். அப்போது மேடையோரம் இருந்த ‘தி ரிங்’ இதழாசிரியர் நாட் ஃப்ளைஷர், லிஸ்டன் பத்து விநாடிக்கு மேல் கிடந்துவிட்டார் என்று கூவினார். வால்காட் அவர்களை அப்படியே விட்டுவிட்டு மேடையோரம் போய்க் கேட்டு, திரும்பி வந்து சண்டையை நிறுத்தி அலியின் கையை உயர்த்தினார். ஃப்ளைஷர் அன்றைய சண்டைக்கு எந்த அதிகாரப் பொறுப்பிலும் இல்லை. உலகக் கனரகப் பட்டம் ஒரு பத்திரிகையாளர் குரலில் தீர்ந்தது.

1990 பிப்ரவரி 11-இல் டோக்கியோவில் அதே வழக்கு வேறு உருவில் வந்தது. யாரும் வெல்வார் என்று எதிர்பார்க்காத பஸ்டர் டக்ளஸை எட்டாம் ரவுண்டின் கடைசியில் மைக் டைசன் வீழ்த்தினார். மெக்ஸிகோ நடுவர் ஆக்டேவியோ மெய்ரான் எண்ண, டக்ளஸ் ஒன்பதில் எழுந்தார். பத்தாம் ரவுண்டில் டைசன் நாக் அவுட் ஆனார். டக்ளஸ் தரையில் இருந்தது பத்து விநாடிக்கு மேல் என்று டைசன் தரப்பும் ஏற்பாட்டாளர் டான் கிங்கும் முறையிட, இரண்டு உலக அமைப்புகள் முடிவை ஏற்காமல் நிறுத்திவைத்தன. கண்டனம் பொங்கியதும் சில நாளில் பின்வாங்கின. அந்த முறையீடு செல்லாததற்குக் காரணம் 1927-லேயே இருந்தது. டக்ளஸ் கேட்டது மெய்ரானின் எண்ணை. அதன்படி நேரத்துக்குள் எழுந்துவிட்டார். டைசன் விழுந்தபோது எண்ணியதும் அதே மெய்ரான், அதே நிதானத்தில்தான்.

எண்ணிக்கையைவிடக் கனமான பொறுப்பு, எண்ணாமலே சண்டையை நிறுத்துவது. 1962 மார்ச் 24-இல் நியூயார்க்கில் எமில் கிரிஃபித்தின் குத்துகளை மூலையில் சாய்ந்தபடி வாங்கிக்கொண்டிருந்த பென்னி பாரெட்டை நடுவர் ரூபி கோல்ட்ஸ்டீன் காப்பாற்றத் தாமதித்தார். பாரெட் கயிற்றில் சிக்கி நின்றதால் விழவில்லை. விழாததால் எண்ணிக்கையும் இல்லை. ஏப்ரல் 3-இல் அவர் இறந்தார். நேரடி ஒளிபரப்பில் நாடே பார்த்த சாவு அது. நின்றபடியே தள்ளாடுபவருக்கு எட்டு எண்ணுவது, விழுந்து உடனே எழுந்தாலும் கட்டாயம் எட்டு எண்ணுவது, ஒரே ரவுண்டில் மூன்று முறை விழுந்தால் தோல்வி என்ற ஏற்பாடுகள் இத்தகைய ஆபத்துகளைக் கருதி வெவ்வேறு மேடைகளில் வந்தவை. இவற்றுள் நின்றபடி எட்டு எண்ணுவதைத் தொழில்முறை மேடைகள் பின்னாளில் பெரும்பாலும் கைவிட்டன. அடி வாங்குபவருக்கு இலவச ஓய்வு, அடிப்பவருக்கு நஷ்டம் என்பது குற்றச்சாட்டு.

மறுபக்கப் பழியும் உண்டு. 1990 மார்ச் 17-இல் லாஸ் வேகாஸில் மெல்ட்ரிக் டெய்லர், ஜூலியோ சீசர் சாவெஸுக்கு எதிராக முன்னணியில் இருந்தார். கடைசி ரவுண்டின் கடைசி நேரத்தில் விழுந்து எழுந்தார். நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் கேட்ட கேள்விக்கு அவரிடமிருந்து பதில் வரவில்லை. ஸ்டீல் சண்டையை நிறுத்தினார்; மிச்சம் இருந்தது இரண்டு விநாடி. டெய்லரின் வெற்றி பறிபோனதாக ஒரு பாதி உலகம் இன்னும் சொல்கிறது. பாரெட்டை நினைத்துப் பார்த்தால் ஸ்டீல் செய்ததைக் குறை சொல்ல மனம் வராது.

தமிழ்நாட்டில் இந்த விளையாட்டின் வீடு வடசென்னை. ஆங்கிலேயரிடமிருந்து வந்த குத்துச்சண்டையைத் துறைமுகத்தையும் ஆலைகளையும் ஒட்டி வாழ்ந்த உழைப்பாளி மக்கள் தமதாக்கிக்கொண்டார்கள். சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்ற பரம்பரைகள் உருவாயின. ‘பரம்பரை’ இங்கே குடும்பத்தைக் குறிக்கவில்லை; ஒரு வாத்தியாரின் வழியில் பழகியவர்களின் அணி அது. அமெரிக்கக் கறுப்பின வீரர் கன்போட் ஜாக் போன்றவர்கள் இந்திய நகரங்களில் மோதிய காலத்தில், மெட்ராஸிலும் கட்டணம் வைத்து நடந்த சண்டைகளுக்குக் கூட்டம் சேர்ந்தது. நாட் டெர்ரி என்ற வீரரை வென்றவர் என்று கித்தேரி முத்துவின் பெயரை வடசென்னை இன்றும் சொல்கிறது. இந்தப் போட்டிகளில் தோற்றவர் தனி ஆளாகத் தோற்கவில்லை; பரம்பரையே தோற்றதாகக் கணக்கு. அதனால் நடுவர் கையை உயர்த்திய பிறகும் விவகாரம் தெருவில் தொடர இடமிருந்தது.

ராசிபுரம், நாமக்கல் போன்ற உள்மாவட்ட ஊர்களில் பலருக்கு இந்த உலகம் அறிமுகமானது 2021 ஜூலையில் வெளியான பா. இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ படம் வழியாகத்தான். 1970களின் நடுவில், நெருக்கடி நிலைக் காலத்தில் நிகழும் கதை. அதில் முக்கியமான ஒரு சண்டை, ஜெயிக்கப்போகிறவருக்கு வெற்றி அறிவிக்கப்படுவதற்கு முன்பே கலவரத்தில் கலைந்துபோகிறது. பரம்பரைச் சண்டைகளின் பதற்றத்தைப் படம் சரியாகப் பிடித்திருக்கிறது. அந்தப் பரம்பரைக் காலத்துக்குப் பின்னர் தமிழ்நாட்டு வீரர்கள் அமெச்சூர் போட்டிகள் பக்கம் நகர்ந்தார்கள். சென்னையின் வி. தேவராஜன் 1994-இல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வென்றார்.

அமெச்சூர் மேடையில் நாக் அவுட் குறைவு; அங்கே தகராறு புள்ளிகளில். 1988 சியோல் ஒலிம்பிக்கில் தென்கொரியாவின் பியோன் ஜோங்-இல் தோற்றதாக அறிவிக்கப்பட்டதும், கொரியத் தரப்பினர் மேடையேறி நியூசிலாந்து நடுவர் கீத் வாக்கரைத் தாக்கினர். பியோன் 67 நிமிடம் மேடையிலேயே உட்கார்ந்திருந்தார். அதே ஒலிம்பிக்கின் இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் 86 குத்துகளைச் சேர்த்திருக்க, 32 மட்டுமே சேர்த்த கொரிய வீரருக்கு 3-2 என்று தங்கம் போனது. வெட்கிப்போன சர்வதேசக் குத்துச்சண்டைச் சங்கம் கணினியைக் கொண்டுவந்தது. 1992 பார்சிலோனாவிலிருந்து ஐந்து நீதிபதிகளில் மூவர் ஒரே விநாடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் ஒரு புள்ளி. இயந்திரம் வந்தால் நியாயம் வந்துவிடும் என்று நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் நின்றது என்பதை 2012 லண்டன் காட்டியது. ஜப்பானின் சடோஷி ஷிமிசு கடைசி ரவுண்டில் அஜர்பைஜான் வீரரை ஆறு முறை வீழ்த்தினார். துர்க்மெனிஸ்தான் நடுவர் ஒருமுறைகூட எண்ணவில்லை. விழுந்தவரின் தலைக்கவசத்தைச் சரிசெய்து நிறுத்திக்கொண்டே இருந்தார். கணினியும் 22-17 என்று அஜர்பைஜானுக்கே வெற்றி காட்டியது. மேல்முறையீட்டில் முடிவு மாற்றப்பட்டு, நடுவர் ஊருக்கு அனுப்பப்பட்டார். அதே ஒலிம்பிக்கில் இந்தியாவின் விகாஸ் கிருஷ்ணன், அமெரிக்காவின் எரோல் ஸ்பென்ஸை 13-11 என்று வென்று மேடையிறங்கினார். சில மணி நேரத்தில் முடிவு கவிழ்ந்தது. மூன்றாம் ரவுண்டில் ஒன்பது முறை பிடித்துக்கொண்டார், இரண்டாம் ரவுண்டில் பற்கவசத்தை வேண்டுமென்றே துப்பினார், நடுவர் இவற்றுக்கு எச்சரிக்கை தரத் தவறினார் என்று சொல்லி ஸ்பென்ஸுக்கு நான்கு புள்ளி சேர்த்து 15-13 ஆக்கினார்கள். நடுவர் செய்யத் தவறிய வேலைக்கு வீரர் தண்டனை பெற்றார். விதியின்படி சரிதான் என்றாலும் கசப்பு போகவில்லை.

இந்தியர் நினைவில் ஆழமாகப் பதிந்தது 2014 இஞ்சியான் ஆசிய விளையாட்டு. செப்டம்பர் 30-இல் பெண்கள் 60 கிலோ அரையிறுதியில் மணிப்பூரின் லைஷ்ராம் சரிதா தேவி, போட்டியை நடத்திய கொரியாவின் பார்க் ஜி-னாவை மூக்கில் ரத்தம் வரக் குத்தி ஆட்டத்தைக் கையில் வைத்திருந்தார். நீதிபதிகள் மூவரும் பார்க்குக்கே கொடுத்தார்கள். முறையிடக் கட்ட வேண்டிய 500 டாலரைச் சரிதாவின் கணவரும் பயிற்சியாளரும் அங்கங்கே திரட்டினார்கள், முறையீடு தள்ளப்பட்டது. மறுநாள் பதக்க மேடையில் சரிதா அழுதபடி வெண்கலத்தைக் கழுத்தில் வாங்க மறுத்து, அதைக் கையில் எடுத்துப் போய் பார்க் கழுத்திலேயே போட்டார். அவரை ஓராண்டு தடை செய்தார்கள். அன்று தீர்ப்பளித்தவர்கள் யாரையும் விட நீண்ட தண்டனை, தீர்ப்பை மதிக்காதவருக்கே கிடைத்தது என்பது இந்த விளையாட்டின் நிர்வாகத்துக்குப் பெருமை தரும் செய்தி அல்ல.

குத்துகளை எண்ணும் கணினி முறை அதற்கு முன்பே, 2013-இல், கைவிடப்பட்டு, தொழில்முறை மேடையின் ரவுண்டுக்குப் பத்துப் புள்ளி முறை வந்திருந்தது. 2016 ரியோவில் அயர்லாந்தின் மைக்கேல் கான்லன் தோற்றதாக வந்த முடிவுக்குப் பின் அந்த முறையும் சந்தி சிரித்தது. ரியோவின் நடுவர்கள், நீதிபதிகள் 36 பேரும் ஒதுக்கிவைக்கப்பட்டார்கள். சட்ட வல்லுநர் ரிச்சர்ட் மக்லாரன் 2021-இல் அளித்த அறிக்கை, முடிவுகளை முன்கூட்டியே வளைக்கும் ஏற்பாடு இருந்ததை உறுதிசெய்தது. 2023 ஜூனில் சர்வதேசச் சங்கத்தின் அங்கீகாரத்தையே ஒலிம்பிக் குழு ரத்து செய்தது.

இந்தியரின் மனக்குறை சரிதாவோடு தீரவில்லை. 2021 டோக்கியோவில் மேரி கோம் கடைசி இரண்டு ரவுண்டுகளை வென்றும், முதல் ரவுண்டில் விட்ட புள்ளிகளால் கொலம்பியாவின் இங்ரிட் வலென்சியாவிடம் 3-2 என்று தோற்றார். வென்றதாகவே நினைத்து மேடையிறங்கியவர் பின்னர்தான் உண்மை அறிந்தார். இந்த முடிவில் சூது இருந்ததாகச் சொல்ல ஆதாரம் இல்லை. கணக்கு முறையே அப்படி. 2024 பாரிஸில் 71 கிலோ காலிறுதியில் ஹரியானாவின் நிஷாந்த் தேவ், மெக்ஸிகோவின் மார்கோ வெர்டேவிடம் 4-1 என்று தோற்றதாக அறிவிக்கப்பட்டபோது, ஒரு பதக்கம் கைவிட்டுப்போனதாக நாடு முழுவதும் கோபம் எழுந்தது. சில மாதங்களில் நிஷாந்த் அமெச்சூர் மேடையை விட்டு விலகினார். 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸில் தொழில்முறை வீரராக முதல் சண்டையில் இறங்கி, முதல் ரவுண்டிலேயே வென்றார்.